ஃபிராக்டல் இசை: கணக்கு சரி, காது என்ன சொல்கிறது?

'ஃபிராக்டல் இசை' என்று தேடிப் பார்த்தால் பெரும்பாலும் இரண்டு வகை சமாச்சாரம்தான் கிடைக்கும். முதல் வகை, மாண்டெல்பிராட் படத்தின் மேல் ஒரு கோடு போட்டு, அதில் வரும் எண்களையெல்லாம் சுரங்களாக மாற்றி, பியானோ ஒலியில் ஓடவிடுவது. இரண்டாவது வகை, 'பாக் எழுதியதே ஃபிராக்டல்தான், இயற்கையின் சூத்திரம் அவர் இசைக்குள் ஒளிந்திருக்கிறது' என்று பரவசப்படும் கட்டுரைகள்.

இரண்டையும் பல வருஷமாகப் படித்தும் கேட்டும் வருகிறேன். முதல் வகையில் கணக்கு இருக்கிறது, இசை இல்லை. இரண்டாவதில் இசை இருக்கிறது, கணக்கு பலவீனம். இரண்டும் ஒன்றாக வந்த இடங்கள் ரொம்பக் கொஞ்சம். அதில் ஒன்றை விரிவாகப் பார்க்கத்தான் இந்தக் குறிப்பு. அதற்கு முன்னால் மற்ற இரண்டிலும் என்ன சிக்கல் என்று சொல்லிவிடுகிறேன்.

ஃபிராக்டல் என்றால்

ஒரு பொருளின் சின்னத் துண்டை எடுத்துப் பெரிதாக்கினால் முழுப் பொருளின் சாயலே தெரிய வேண்டும். அந்தத் துண்டின் துண்டிலும் அப்படியே. இதைத் தன்னொப்புமை என்கிறோம். மாண்டெல்பிராட் 1967இல் பிரிட்டன் கடற்கரையின் நீளம் எவ்வளவு என்று கேட்டுக் கட்டுரை எழுதினார். அளவுகோலைச் சின்னதாக்க ஆக்க கடற்கரையின் நீளம் கூடிக்கொண்டே போகிறது என்பது அதன் சாரம். 'ஃபிராக்டல்' என்ற சொல்லை அவர் உருவாக்கியது 1975இல்.

அதே 1975இல் ரிச்சர்ட் வாஸ், ஜான் கிளார்க் என்ற இரண்டு இயற்பியலாளர்கள் 'நேச்சர்' இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். வானொலி நிலையங்களின் ஒலிபரப்பை மணிக்கணக்கில் பதிவுசெய்து, சத்தமும் சுருதியும் எப்படி ஏறி இறங்குகின்றன என்று அளந்தார்கள். அந்த ஏற்ற இறக்கம் '1/எஃப் இரைச்சல்' என்ற வகையில் விழுந்தது.

இதைப் புரிந்துகொள்ள இயற்பியல் வேண்டாம், மூன்று பகடை போதும். கீபோர்டில் வரிசையாகப் பதினாறு கட்டைகளை எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று பகடைகளின் கூட்டுத்தொகை 3 முதல் 18 வரை, ஆக 16 சாத்தியங்கள். மூன்றையும் ஒவ்வொரு முறையும் உருட்டினால் வருவது வெள்ளை இரைச்சல். ஒரு சுரத்துக்கும் அடுத்ததற்கும் ஒரு சம்பந்தமும் இருக்காது. அதற்கு நேரெதிர், பகடையை விட்டுவிட்டு நாணயத்தைச் சுண்டுவது. பூ விழுந்தால் ஒரு கட்டை மேலே, தலை விழுந்தால் ஒரு கட்டை கீழே. இது பழுப்பு இரைச்சல். எங்கேயும் தாவாமல் ஊர்ந்துகொண்டே இருக்கும்.

வாஸ் சொன்ன வழி நடுவில் இருக்கிறது. சிவப்புப் பகடையை ஒவ்வொரு முறையும் உருட்டு. பச்சையை இரண்டு முறைக்கு ஒரு தடவை. நீலத்தை நாலு முறைக்கு ஒரு தடவை. அவ்வளவுதான். நீலம் மெதுவாக மாறுவதால் ஒரு பகுதி முழுக்க மேல் பக்கமோ கீழ் பக்கமோ சாய்ந்திருக்கும். அதற்குள் பச்சையின் சாய்வு. அதற்குள் சிவப்பின் துள்ளல். மார்ட்டின் கார்ட்னர் 1978இல் 'சயின்டிஃபிக் அமெரிக்கன்' பத்தியில் இதை எழுதியபோது உலகம் முழுக்கக் கணினி ஆர்வலர்கள் நிரல் எழுத ஆரம்பித்தார்கள். நானும் எழுதியிருக்கிறேன். பைத்தானில் இருபது வரிகூட வராது.

கேட்டால்? மற்ற இரண்டையும்விட நிச்சயம் தேவலை. ஒரு நிமிஷம் கேட்கலாம். மூன்றாவது நிமிஷத்தில் கை தானாக நிறுத்தும் பொத்தானுக்குப் போகும்.

புள்ளிவிவரம் கேட்காத கேள்வி

ஏன் அலுக்கிறது? ஒரு சின்ன சோதனை. உங்களுக்குப் பிடித்த ஒரு கீர்த்தனையை எடுத்து, ஒலிக்கோப்பைக் கடைசியிலிருந்து முதல் வரை தலைகீழாக ஓடவிடுங்கள். கேட்கச் சகிக்காது. ஆனால் அதன் ஸ்பெக்ட்ரத்தைக் கணக்கிட்டால் முன்னும் பின்னும் ஒரே விடைதான் வரும். காலத்தைத் திருப்பிப்போட்டாலும் அந்த அளவு மாறாது. இது கணிதத்தில் உறுதியான விஷயம். அப்படியானால் '1/எஃப்' என்ற ஒற்றை அடையாளம் இசைக்கும் இசையின் பிணத்துக்கும் வித்தியாசம் பார்க்கத் தெரியாத ஒரு கருவி. உடம்பு சூடு 37 டிகிரி இருப்பது உயிரோடு இருக்கிறவருக்கு வேண்டிய ஒன்று. அதற்காக 37 டிகிரி வெந்நீரை மனுஷன் என்று சொல்ல முடியாது, இல்லையா?

அளந்த விதத்திலும் கேள்வி இருக்கிறது. மணிக்கணக்கில் வானொலியை அளந்தால், பாட்டுக்குள் நடப்பதோடு பாட்டு முடிந்து அடுத்தது தொடங்குவதும், அறிவிப்பாளர் பேசுவதும் சேர்ந்துதான் கணக்கில் வரும். நைஜல் நெட்ஹைம் 1992இல் தனித்தனி மெட்டுகளுக்குள் பார்த்தபோது, அவை பழுப்பு இரைச்சலின் பக்கம்தான் நெருங்கியிருந்தன. தாளத்தைப் பொறுத்தவரை, லெவிட்டினும் கூட்டாளிகளும் 2012இல் 558 மேற்கத்திய ஆக்கங்களை ஆராய்ந்து 1/எஃப் வகை விதி இருப்பதாகக் காட்டினார்கள். அதில் எனக்குப் பிடித்தது, எல்லாரும் ஒரே மாதிரி இல்லை என்பதுதான். பீத்தோவனின் தாளம் எளிதில் எதிர்பார்க்கக்கூடிய பக்கம், மோட்சார்ட்டின் தாளம் அதற்கு எதிர்ப்பக்கம். ஆளுக்கு ஆள் மாறுகிற ஒன்றை 'இயற்கையின் ஒரே சூத்திரம்' என்று எப்படி அழைப்பது?

பாக் விஷயத்துக்கு வருவோம். கென்னத் ஷூ ஒரு நிலவியலாளர். அவர் மகன் ஆண்ட்ரியாஸ் பியானோக் கலைஞர். இருவரும் 1990இலும் 1991இலும் எழுதிய கட்டுரைகள்தான் 'பாக் ஒரு ஃபிராக்டல்' என்ற பேச்சுக்கு மூலம். மெட்டில் பக்கத்துச் சுரத்துக்குப் போவது நிறைய, தூரத்துச் சுரத்துக்குத் தாவுவது குறைவு. இந்த எண்ணிக்கையை லாக்-லாக் வரைபடத்தில் போட்டால் நேர்கோடு கிடைக்கிறது என்றார்கள். பிறகு பாக்கின் ஒரு இன்வென்ஷனில் பாதிச் சுரங்களை நீக்கினாலும், அதிலும் பாதியை நீக்கினாலும் உருவம் மிஞ்சுகிறது என்றார்கள். 1993இலேயே ஹெண்டர்சன்-செல்லர்ஸ், கூப்பர் என்ற இருவர் மறு ஆய்வு செய்து இதை மறுத்தார்கள்.

என் ஆட்சேபம் இன்னும் எளிமையானது. சுர இடைவெளி என்பது ஒன்றிலிருந்து சுமார் பத்துப் பன்னிரண்டு கட்டை வரைதான். அவ்வளவு குட்டி வரம்புக்குள் எந்த இறங்குமுக வளைவையும் லாக்-லாக்கில் போட்டால் ஏறக்குறைய நேர்கோடாகத்தான் தெரியும். கடற்கரைக்கு கிலோமீட்டரிலிருந்து சென்டிமீட்டர் வரை இறங்க இடமிருக்கிறது. மெட்டுக்கு அந்த இடம் கிடையாது.

டென்மார்க்கிலிருந்து ஒரு வரிசை

இனி நான் சொல்ல வந்த ஆள். பேர் நோர்கோர், டென்மார்க்கின் இசையமைப்பாளர். 1932இல் பிறந்து 2025இல் மறைந்தார். 1959இல் அவர் ஒரு எண் வரிசையைக் கண்டுபிடித்தார். 'முடிவிலி வரிசை' என்று பேர். கவனியுங்கள், 'ஃபிராக்டல்' என்ற சொல் பிறக்கப் பதினாறு வருஷம் இருக்கும்போதே.

விதி இரண்டே வரி. இடங்களை 0, 1, 2 என்று எண்ணுங்கள். 0ஆம் இடத்தில் 0. இரட்டைப்படை இடமானால், அதில் பாதி இடத்துக்குப் போய், அங்கே இருக்கும் எண்ணின் குறியை மாற்றிப் போடு. ஒற்றைப்படை இடமானால், ஒன்றைக் கழித்துப் பாதியாக்கி, அந்த இடத்து எண்ணோடு 1 கூட்டிப் போடு. கிடைப்பது:

0, 1, −1, 2, 1, 0, −2, 3, −1, 2, 0, 1, 2, −1, −3, 4 …

0 என்பதை மேற்கத்திய ஜி சுரமாக வைத்து, ஒவ்வொரு எண்ணையும் ஒரு கட்டையாகக் கொண்டால் ஜி, ஏ-ஃப்ளாட், எஃப்-ஷார்ப், ஏ, ஏ-ஃப்ளாட், ஜி, எஃப், பி-ஃப்ளாட் என்று மெட்டு ஓடும்.

இப்போது நாலு இடத்துக்கு ஒன்றாக எடுத்துப் பாருங்கள். 0, 1, −1, 2. ஆரம்பித்த அதே மெட்டு, நாலில் ஒரு பங்கு வேகத்தில்! பதினாறுக்கு ஒன்றாக எடுத்தாலும் அதேதான். இரண்டுக்கு ஒன்றாக எடுத்தால் (0, −1, 1, −2 …) அதே மெட்டு கண்ணாடியில் தெரிவதுபோல் மேல்கீழாகத் திரும்பும். ஒற்றைப்படை இடங்களை மட்டும் எடுத்தால் அதே மெட்டு ஒரு கட்டை உயரத்தில். இது புள்ளிவிவரச் சாயல் இல்லை. சுரத்துக்குச் சுரம் துல்லியமான தன்னொப்புமை.

1968இல் எழுதிய 'வாயேஜ் இன்டு த கோல்டன் ஸ்க்ரீன்' என்ற ஆக்கத்தின் இரண்டாவது பகுதியில் இந்த வரிசையின் முதல் 1024 சுரங்களை அவர் பயன்படுத்தினார். ஏன் அது வேலை செய்கிறது என்று புரிந்துகொள்ள வரிசையைக் கணினியில் ஓட்டிச் சில கணக்குப் போட்டேன்.

முதல் விஷயம், வீச்சு. 1024 இடங்களில் மிக உயர்ந்த எண் 10, மிகத் தாழ்ந்தது −9. மொத்தம் 19 கட்டை, அதாவது ஒன்றரை ஸ்தாயிக்குச் சற்று அதிகம். நாணயம் சுண்டி 1024 அடி நடந்தால் கிளம்பிய இடத்திலிருந்து சராசரியாகச் சுமார் 25 கட்டை அளவுக்கு விலகிப் போய்விடுவோம். நோர்கோரின் வரிசை, நீளம் இரட்டிப்பாகும்போதெல்லாம் மேலே ஒரு கட்டை, கீழே ஒரு கட்டை மட்டும் விரிகிறது. முடிவில்லாத வரிசைதான், ஆனால் ஒரு குரலுக்குள் அடங்குகிற முடிவிலி.

இரண்டாவது, அந்த விரிவே காதுக்கு ஒரு மைல்கல். 0, 1 என்று தொடங்கியது. நாலாவது சுரம் வரும்போது −1, 2. எட்டாவதில் −2, 3. பதினாறாவதில் −3, 4. முப்பத்திரண்டாவதில் −4, 5. நீளம் இரட்டிக்கிற ஒவ்வொரு புள்ளியிலும், அதுவரை வராத ஒரு தாழ்ந்த சுரமும் உடனே அதுவரை வராத ஒரு உயர்ந்த சுரமும் ஜோடியாக வருகின்றன. ஒரு கதவு ஒவ்வொரு முறையும் இன்னும் கொஞ்சம் அகலமாகத் திறக்கிற மாதிரி. விதி தெரியாதவருக்கும் 'இப்போ ஏதோ ஒன்று முடிந்தது' என்று தோன்றும்.

காதின் எல்லை

இதெல்லாம் இருந்தும், நான் நிரலில் 1024 சுரங்களையும் ஒரே பியானோ ஒலியில், விநாடிக்கு ஐந்து வீதம் ஓடவிட்டபோது என்ன ஆனது? மூன்று நிமிஷம் இருபத்தைந்து விநாடி. வீணை கற்கும் என் மகள் பாதியில் வந்து கேட்டாள்: "அப்பா, இது எங்கே போய் முடியும்?"

சரியான கேள்வி. அதற்கான விடை காதின் அளவுகளில் இருக்கிறது. இரண்டு தட்டுகளுக்கு நடுவே சுமார் இரண்டு விநாடிக்கு மேல் இடைவெளி விழுந்தால், மனசு அவற்றை ஒரு தாளமாகக் கோத்துக்கொள்வதில்லை. பத்தில் ஒரு விநாடிக்குக் கீழே போனால் தனித்தனியாகப் பிடிபடாமல் கலங்க ஆரம்பிக்கும். இன்னும் வேகமாகி விநாடிக்கு இருபதைத் தாண்டினால் அது தட்டே இல்லை, சுருதி. ஆக, மெட்டு என்று நாம் உணரும் ஜன்னல் 0.1 விநாடியிலிருந்து 2 விநாடி வரை. இருபது மடங்கு. நாலு மடங்கு நாலு மடங்காக ஏறினால் இரண்டு படிதான் வரும்.

நிரலில் சுரங்கள் 0.2 விநாடிக்கு ஒன்று. நாலில் ஒன்று எடுத்தால் 0.8 விநாடிக்கு ஒன்று. உற்றுக் கேட்டால் பிடிபடும். பதினாறில் ஒன்று என்றால் 3.2 விநாடி. தாளில் கச்சிதமாக இருக்கிற அந்தத் தன்னொப்புமை காதுக்கு இல்லவே இல்லை. கண் ஒரு படத்தை மேயும்போது கிட்டப் போகலாம், தள்ளி நிற்கலாம். காது காலத்துக்குள் மாட்டிக்கொண்டிருக்கிறது. அதற்கு ஜூம் பொத்தான் கிடையாது. 'படத்தை இசையாக மாற்றினேன்' என்கிற முதல் வகைப் பரிசோதனைகள் தோற்பது இங்கேதான் என்பது என் கருத்து.

நோர்கோர் என்ன செய்தார்? வரிசையை மட்டும் ஓடவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்காரவில்லை. அதன் மெதுவான அடுக்குகளை வெவ்வேறு வாத்தியங்களுக்குப் பிரித்துக் கொடுத்தார். வேகமான ஓட்டம் ஒரு நிறம், அதற்கடியில் நீண்டு ஒலிக்கும் சுரங்கள் இன்னொரு நிறம். காதால் தானாக எட்ட முடியாத அடுக்கை வாத்தியத்தின் நிறம் பிடித்துக் காட்டுகிறது. சூத்திரத்தில் இது எங்கேயும் எழுதியில்லை. எழுதினவர் எடுத்த முடிவு.

மூன்று வேகம்

இந்த இடத்தில் நம் சங்கீதக்காரர்கள் புன்னகைப்பார்கள். திரிகாலம் என்ன பின்னே? தாளத்தை அப்படியே வைத்துக்கொண்டு ஒரே பல்லவியை ஒரு வேகம், இரு மடங்கு, நாலு மடங்கு என்று பாடுவது. உண்மையான உறவுதான். ஆனால் இரண்டு விஷயத்தைக் கவனியுங்கள். ஒன்று, வேகம் மாறினாலும் அது அதே வரிதான் என்று நமக்குக் காட்டிக்கொடுப்பது சாகித்யம்; சொல்தான் கைப்பிடி. நோர்கோருக்கு வாத்தியத்தின் நிறம் எதைச் செய்கிறதோ, பல்லவிக்குச் சொல் அதைச் செய்கிறது. இரண்டு, மரபு பெரும்பாலும் மூன்று காலத்தோடு நின்றுகொள்கிறது. நாலு மடங்குக்கு மேல் போனால் பாடுகிறவருக்கும் கஷ்டம், கேட்கிறவருக்கும் கஷ்டம். பாக்கும் தன் 'ஆர்ட் ஆஃப் ஃபியூக்'கின் ஏழாவது உருப்படியில் ஒரே கருவை இயல்பு வேகம், பாதி வேகம், இரட்டை வேகம் என மூன்றில்தான் பின்னினார். சம்பந்தமே இல்லாத இரண்டு மரபும் மூன்றில் வந்து நிற்பது, காதின் ஜன்னல் அவ்வளவுதான் என்பதால் என்று நினைக்கிறேன்.

ஆனால் கோபுச்ச யதியையும் ஃபிராக்டல் என்று சொல்லிக்கொண்டு வராதீர்கள். பசுவின் வால்போல் சொற்கட்டு படிப்படியாகக் குறுகுவது அழகான கணக்கு. அது சிறுத்துக்கொண்டே போகிறது, அவ்வளவே. சிறுத்த துண்டுக்குள் முழுசின் சாயல் இருந்தால்தான் தன்னொப்புமை. நம்மிடம் இருப்பதை மெச்ச, இல்லாத பட்டம் ஒன்றைச் சூட்ட வேண்டியதில்லை.

இதே அளவுகோலால் லிகெட்டியையும் பார்க்கலாம். 1985இல் வந்த அவருடைய முதல் பியானோ எட்யூட் 'தேஸோர்த்ர்'. வலது கைக்கு வெள்ளைக் கட்டைகள், இடது கைக்குக் கருப்புக் கட்டைகள். இரு கைகளின் அழுத்தமும் ஒன்றாகத் தொடங்கி, வலது கை அவ்வப்போது அரை எண்ணிக்கையைத் தொலைப்பதால் கொஞ்சம் கொஞ்சமாக விலகுகிறது. ஃபிராக்டல் படங்கள்மேல் அவருக்குப் பெரிய மோகம். ஆனால் படத்திலிருந்து எண்களை உருவி சுரமாக்கவில்லை. சின்னப் பிசகு பெருகிப் பெருகிக் குழப்பமாகிற அந்த நடத்தையைக் காதுக்குப் புரிகிற வடிவில் கையால் எழுதினார். நோர்கோரின் துல்லியம் இதில் இல்லை. ஒழுங்கு உடைவது முதல் தடவையிலேயே எவருக்கும் கேட்கும். அந்த வகையில் இதுவே வலுவான ஆக்கம் என்று எனக்குப் படுகிறது.

எங்கே நிறுத்துவது

இதையெல்லாம் எதற்கு இவ்வளவு தூரம் இழுக்கிறேன்? இன்றைக்கு ஒரு பொத்தானை அமுக்கினால் முடிவில்லாமல் இசை கொட்டுகிறது. என்னைப்போல் நிரல் எழுதிப் பிழைப்பவர்களுக்கு, எழுதிய நிரல் ஓடிவிட்டால் வேலை முடிந்தது என்று ஒரு நினைப்பு உண்டு. சூத்திரம் அழகாக இருந்தால் வெளிவருவதும் அழகாகத்தான் இருக்கும் என்று நம்பிவிடுகிறோம். இசையில் அது செல்லாது. வேகம் எவ்வளவு, எந்த அடுக்கை எந்த வாத்தியம் வெளிக்காட்டுவது, எந்த இடத்தில் நிறுத்துவது: இவை மூன்றும் சூத்திரத்துக்கு வெளியே இருக்கின்றன.

1024 என்ற எண்ணையே பாருங்கள். முடிவிலி வரிசைக்கு முடிவு கிடையாது. எங்கே வேண்டுமானாலும் வெட்டலாம். 1000இல் வெட்டினால் அது பாதியில் அறுந்த நூல். 1024 வரை எடுத்தால் கடைசி இரண்டு சுரங்கள் என்ன தெரியுமா? −9, உடனே 10. மொத்த வரிசையிலும் ஆகத் தாழ்ந்ததும், ஆக உயர்ந்ததும், ஆகப் பெரிய தாவலும் அங்கேதான். பத்து முறை கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்த கதவு அங்கே முழுக்கத் திறந்து நிற்கிறது.

என் மகள் கேட்ட கேள்விக்கு அந்த வரிசையிடம் விடை கிடையாது. வெட்டியவரிடம் இருந்தது. நீங்களும் நிரலை எழுதி ஓட்டிப் பாருங்கள், ஒரு சாயங்காலம் போதும். ஓட்டிவிட்டு, 'இதை எங்கே நிறுத்துவேன், ஏன்?' என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். அந்தப் பதிலை யோசிக்கிற நேரத்தில் நீங்கள் கொஞ்சம் இசையமைக்கிறீர்கள்.